கண் மூடித் தூங்குவது அழகு சிகிச்சையா? காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

கிளெய்ம் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் கோப்பு உங்களிடம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, சி.டி. ஸ்கேன், டாக்டரின் சான்று எல்லாமே அதில் உண்டு. அனுப்பியதையே மறுபடி கேட்டீர்கள், மறுபடியும் அனுப்பினோம். ஆகவே வியாதியின் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. உங்கள் மறுப்புக் கடிதத்தில் இருந்த ஒரே ஒரு காரணத்தைப் பற்றித்தான் இந்த மடல். எனக்கு நடந்த கண் அறுவை தோற்றத்தை மாற்றும் அழகு சிகிச்சையாம், அதனால் பாலிசியில் வராதாம்.

தைராய்டால் கண் பிதுங்கியவருக்கு இரவு எப்படிப் போகும் என்று கேட்க உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன். இமைகள் ஒன்றோடொன்று சேராது. தூங்கினாலும் வெள்ளை விழி ஒரு கீற்றாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அந்தக் கீற்றில் காற்றுப் பட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். படுக்கும் முன் ஜெல் போட்டு, இமையைக் கீழே இழுத்துப் பேப்பர் பிளாஸ்டர் ஒட்டிவிடுவார் என் கணவர். திருச்சியில் சித்திரை மாதம். வேர்வையில் பிளாஸ்டர் நடுராத்திரிக்குள் பிய்ந்துகொள்ளும். வேர்க்காமல் இருக்க ஃபேன் வேண்டும், ஃபேனைப் போட்டால் கண் காயும். ஃபேனை அணைத்துவிட்டு வீடே புழுங்கிக் கிடந்தது. மாமியார் பனைவிசிறியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். ஒருநாளும் அவர் முகம் சுளித்ததில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியபோதுதான் சுளித்தார்.

அதற்குப் பிறகுதான் நிறம் போனது. நான் ஆசிரியை. விடைத்தாளில் நானே போட்ட சிவப்பு மை, இடக்கண்ணால் பார்த்தால் சிவப்பாக இருந்தது, வலக்கண்ணால் பார்த்தால் செம்மண் கரைத்த தண்ணீராக இருந்தது. கண்குழிக்குள் தசைகள் வீங்கிப் பார்வை நரம்பை நெரிக்கின்றன, இனியும் தள்ளிப்போட்டால் பார்வை போகும் என்றார் டாக்டர். நகையை அடகு வைத்தோம். மருத்துவமனைக்கு நீங்களே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ்ஸுக்கு நீங்கள் கைவிரித்த அன்று வேறு வழி இருக்கவில்லை.

கண்குழியின் எலும்புச் சுவரை எடுத்து, வீங்கிய தசைக்கு இடம் பண்ணிக்கொடுத்தார்கள். ஆர்பிட்டல் டிகம்ப்ரஷன் என்று சம்மரியில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அழகு கூடியதா என்று கேட்டால், இப்போதைய நிலவரம் இது: முகம் இன்னும் வீங்கியிருக்கிறது. கன்னமும் மேலுதடும் மரத்துப்போய், சாதம் வாயோரம் ஒட்டியிருந்தாலும் தெரிவதில்லை. மூக்கைச் சிந்தக் கூடாது, குனிந்து கோலம் போடக் கூடாது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்க வேண்டும். எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஆனால் இமை முக்கால்வாசி மூடுகிறது, சிவப்பு சிவப்பாகத் தெரிகிறது. நான் பணம் கட்டியது இதற்குத்தான். அழகுதான் வேண்டுமென்றால் தெருமுனைப் பார்லரில் முந்நூறு ரூபாயில் முடித்துக்கொண்டு வந்திருப்பேன்.

டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற மருத்துவர், இதே வியாதியால் தூங்கும்போதும் இமை மூடாத பெண் ஒருத்தியைப் பற்றி 1835-லேயே எழுதிவைத்திருக்கிறார். அந்தச் செய்தி உங்கள் அலுவலகத்துக்கு வந்துசேர இன்னும் எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. இதே வியாதிக்கு, இதே கண்ணுக்கு, வாராவாரம் நரம்பில் ஏற்றிய ஸ்டீராய்டு மருந்துக்கு நீங்கள்தான் பணம் கொடுத்தீர்கள். மருந்து ஏற்றும்போது நோயாக இருந்தது, கத்தி வைத்ததும் எப்படி அலங்காரமாயிற்று?

நீங்கள் காட்டிய விலக்கு விதியை நானும் படித்தேன், ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு. உடலுக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க அவசியமான சிகிச்சை என்று சிகிச்சை தந்த மருத்துவர் சான்று கொடுத்தால் அந்த விலக்கு பொருந்தாது என்று அதே பத்தியிலேயே இருக்கிறது. சான்று கொடுத்தாயிற்று. பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் உத்தரவு போட்டிருக்கிறது. என் கோப்பைப் பார்த்த குழுவில் கண் டாக்டர் ஒருவராவது இருந்தாரா? நான் கேட்பது இதுதான்: கண்குழி அறுவை தெரிந்த ஒரு மருத்துவரிடம் என் கோப்பைக் கொடுங்கள். பார்த்துவிட்டு அவர் அழகு சிகிச்சை என்று கையெழுத்துப் போடட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

போடமாட்டார். அது உங்களுக்கும் தெரியும். மருத்துவமனை எடுத்த முகப் படங்களைக் கேட்டு வாங்கினீர்கள். பாவம், கண்ணைப் பார்த்து மனம் இளகத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தோம். அந்தப் படங்களையே தோற்றத்துக்குச் சாட்சியாக்கிவிட்டீர்கள். உங்கள் விளம்பரத்தில் பாட்டியிலிருந்து பேத்திவரை எல்லாருக்கும் கண் எப்படிப் பளிச்சென்று இருக்கிறது! பிரீமியம் மட்டும் தேதி தவறாமல் வங்கியிலிருந்து தானாகவே போய்விடுகிறது. அதில் எந்தச் சந்தேகமும் யாருக்கும் வருவதில்லை, கூடுதல் காகிதமும் யாரும் கேட்பதில்லை. போன் செய்தால் என் அழைப்பு உங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்கிறது, பாட்டுப் போடுகிறது, கட் ஆகிறது.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். இப்போதே இதை அழுத்திக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வைத்தியம் இதோடு முடியவில்லை. முதலில் எலும்பு, அது ஆறிய பிறகு இரட்டைப் பார்வைக்குத் தசை, கடைசியில் இமை என்பதுதான் வரிசை. எலும்பிலேயே அழகைக் கண்டுபிடித்த நீங்கள், இமைக்கு வரும்போது என்ன சொல்வீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. அடகு வைக்க இனி நகையும் இல்லை.

எனவே தயவுசெய்து அந்தக் காரணத்தை வாபஸ் வாங்கி, கண் மருத்துவர் ஒருவரைக் கொண்டு கோப்பை மறுபரிசீலனை செய்து, தொகையை வழங்குமாறு மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன். இதே முறையீட்டைப் பதிவுத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். அதுவரை போக விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர்,
திருச்சி