வீட்டில் சேரும் ஊசிக்கும் காலாவதி மருந்துக்கும் ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்து மருத்துவக் கழிவை ஏற்றிய லாரி எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கம் பிடிபட்டதாகச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எழும் கோபம் நியாயமானதே. ஆனால், நம் வீடுகளிலேயே சேரும் இன்சுலின் ஊசியும், காலாவதியான மாத்திரையும், எரியாத குழல்விளக்கும், தீர்ந்துபோன பேட்டரியும் எங்கே போகின்றன என்று நாம் கேட்பதில்லை. தக்கலை வட்டாரத்தில் மருந்துக்கடை நடத்துபவன் என்ற முறையில் இதுபற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

வீட்டில் முதியவர் ஒருவர் காலமான பிறகோ, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போதோ, ஒரு பை நிறைய மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து கடை மேசைமேல் வைத்து, "இதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். கடையில் விற்காமல் தங்கிய சரக்கென்றால், பில்லையும் பேட்ச் எண்ணையும் காட்டி மொத்த விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். வீட்டிலிருந்து வரும் அட்டைகளிலோ, தேவைக்கேற்ப நான்கும் ஆறுமாக வெட்டி வாங்கியதால், தேதியும் பேட்ச் எண்ணும் அச்சிட்ட முனையே பெரும்பாலும் இருக்காது. வாங்க இயலாது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. அந்தப் பை பிறகு குப்பைத் தொட்டிக்கோ கழிப்பறைக்கோ போகிறது. இல்லையென்றால் விளையின், அதாவது தோட்டத்தின், மூலையில் சருகோடு சேர்த்து எரிக்கப்படுகிறது. வீட்டுக்கு வீடு கிணறு வைத்திருக்கும் ஊர்களில் இது நடக்கிறது.

சட்டத்தில் குறையில்லை. 2026இல் புதிய விதிகள் வரும்வரை நடப்பில் இருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே, மக்கும் குப்பை, மக்காத குப்பை ஆகியவற்றோடு வீட்டு அபாயக் கழிவு என்ற மூன்றாவது பிரிவையும் தனியே பிரிக்கச் சொல்லியிருந்தன. பெயின்ட் டப்பா, பூச்சிமருந்துக் கலன், சி.எஃப்.எல். விளக்கு, காலாவதி மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, பேட்டரி, பயன்படுத்திய ஊசி ஆகியவை அதில் அடங்கியிருந்தன. நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்றாவது இவற்றைப் பெறும் மையம் இருக்க வேண்டும், அது திறந்திருக்கும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. 2016இலேயே வந்த மருத்துவக் கழிவு விதிகளோ, வீடுகளில் சேரும் மருத்துவக் கழிவைத் தனிப் பையில் வாங்கிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திடம் ஒப்படைக்க நகர்ப்புற உள்ளாட்சிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன. ஆனால் எங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் இருப்பவை பச்சை, நீலம் ஆகிய இரண்டு தொட்டிகள்தாம்.

விலை போகும் பொருளுக்கு யாரும் வழி சொல்லத் தேவையில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைக் கடைக்காரரே எடை போட்டு வாங்கிக்கொள்கிறார். பழைய மின்விசிறியை இரும்புக்காரர் வாசலுக்கே வந்து கேட்கிறார். யாருக்கும் வேண்டாத ஊசியும் மாத்திரையும் பென்சில் பேட்டரியும்தான் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. எல்.இ.டி. வந்த பிறகு பரணில் ஏறிய சி.எஃப்.எல். விளக்குகளும் இந்த வகையே. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு; உடைந்தால் அது ஆவியாகிப் பரவும். புதிதாக அதிகம் யாரும் வாங்காத பொருள் என்பதால், வார்டு வார்டாக ஓரிரு முறை முகாம் நடத்தினாலே பெரும்பகுதியைச் சேகரித்துவிடலாம். அதுவரை, வீட்டில் விளக்கு உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து, துடைப்பத்தைத் தொடாமல் அட்டையால் அள்ளி ஈரத்தாளால் துடைத்து, மூடியுள்ள போத்தலில் அடைத்து வைப்பது நல்லது.

ஊசியின் நிலைதான் மிகவும் கவலைக்குரியது. மருத்துவமனையில் போட்ட ஊசி, குத்தினாலும் துளை விழாத வெள்ளைக் கலனுக்குள் போகிறது. அதே ஊசியை வீட்டில் போட்டால் மீன் முள்ளோடும் தேங்காய்ச் சிரட்டையோடும் ஒரே கவருக்குள் போகிறது. பேனா இன்சுலினின் ஊசி சில மில்லிமீட்டர் நீளமே உள்ளதால், குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கண்ணுக்கு அது தென்படாது, விரலில் ஏறிய பிறகுதான் தெரியும். மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. ஆகிய கிருமிகள் பரவ அந்த ஒரு குத்தே போதுமானதாக இருக்கலாம். வாடிக்கையாளர்களிடம் நான் சொல்வது, தடித்த பிளாஸ்டிக் போத்தலில் ஊசிகளைப் போட்டு, முக்கால் பங்கு நிறைந்ததும் திருகி மூடி, மேலே 'ஊசி' என்று எழுதி வையுங்கள் என்பதே. "எழுதி வைத்து யாரிடம் கொடுப்பது?" என்று அவர்கள் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை.

அதற்கான வழியை அரசு புதிதாக அமைக்க வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீடுகளுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரை தர வருபவரே நிறைந்த ஊசிப் போத்தலையும் மிச்ச மருந்தையும் வாங்கிச் சென்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவக் கழிவோடு அதுவும் போய்விடும். அந்தப் பணியாளர்கள் பெறும் தொகை சிறியது என்பதால், கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் உரிய கையுறையும் கலனும் தந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். கேரளத்தில் 2025இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கோழிக்கோட்டில் பயன்படாத மருந்துகளைத் திரும்பப் பெறும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே முடிந்தது இங்கே முடியாமல் போக நான் காரணம் காணவில்லை.

மாவட்ட நிர்வாகம் எந்த வண்டி, எந்த நாளில் வந்து எடுக்கும் என்பதை எழுத்தில் உறுதி செய்தால், பூட்டுப் போட்ட சேகரிப்புப் பெட்டி ஒன்றை என் கடை வாசலில் வைக்க ஆயத்தமாக இருக்கிறேன். இதே எண்ணத்தோடு உள்ள மருந்துக்கடைக்காரர்கள் குலசேகரம், மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளிலும் இருப்பார்கள் என நம்புகிறேன்.

இங்ஙனம்,
வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.