நீ பார்க்காத மின்னசோட்டா: அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "டல்லாஸ்ல வேலை கிடைச்சும் வேண்டாம்னுட்டியாமே, அண்ணன் சொன்னான். அந்தப் பனியில கிடந்து ஏன்டி கஷ்டப்படுற?" என்றாய். பிள்ளைகள் படிப்பு, வீட்டுக்கடன் என்று ஏதோ சொல்லி வைத்தேன். காரணம் அது இல்லை. எழுதினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் இந்த மின்னசோட்டாவுக்கு நீ வந்தது 2016 ஜூன் மாதம். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதைப் பார்த்து, "இந்த ஊர்ல ராத்திரியே வராதா?" என்று கேட்டாய். பால்கனியில் வற்றல் காயப்போட்டாய். செப்டம்பரில் கிளம்பிவிட்டாய். அந்த மூன்று மாதத்து மின்னசோட்டாவைத்தான் உனக்குத் தெரியும்.

நாங்கள் வந்தது 2013 நவம்பரில். டிசம்பரில் சாயங்காலம் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். அடுத்த மாதமே, 2014 ஜனவரி 6-ம் தேதி, குளிருக்குப் பயந்து மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் அத்தனைக்கும் கவர்னர் விடுமுறை விட்டார். அன்று கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தேன். மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்து ஊசி மாதிரி குத்தியது. கதவை மூடிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு 2019 ஜனவரி 30 வந்தது. எங்கள் மினியாபொலிஸ் நகரத்தில் மைனஸ் 33 டிகிரி. தபால்காரர்களைக்கூட வெளியே அனுப்பவில்லை. போன வருடம் வாசற்படியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. இப்போது நன்றாக ஆறிவிட்டது.

சரி, அப்புறம் ஏன் இங்கேயே இருக்கிறேன்?

அந்த முதல் குளிர்காலத்தில் என் கார் தெருமுனையில் பனிக்குள் புதைந்து நின்றது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. எங்கிருந்தோ இரண்டு பேர் வந்து, ஒன்றும் கேட்காமல் பின்னால் நின்று தள்ளினார்கள். வண்டி கிளம்பியதும் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். முகத்தை மூடியிருந்ததால் இன்றுவரை அவர்கள் யார் என்று தெரியாது. இந்த நகரத்தில் பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் அவரவர் வீட்டு முன் நடைபாதையை அவரவர் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் நடைபாதை மட்டும் காலையில் எழும்போதே சுத்தமாக இருக்கும். பக்கத்து வீட்டுத் தாத்தா. நன்றி சொல்லப் போனபோது, "ஏரிக்கு வருகிறாயா?" என்று கேட்டார்.

ஏரி உறைந்து தரையாகிவிட்டது அம்மா. ஆள் நடக்க நாலு அங்குலப் பனிக்கட்டி போதும் என்பார்கள். அன்று ஒன்றரை அடிக்குக் கிட்டத்தட்ட இருந்தது. நடு ஏரிக்கு நடந்தே போனோம். திடீரென்று காலடியில், யாரோ பெரிய அண்டாவை உருட்டுவது போல ஒரு சத்தம். நான் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பனிக்கட்டி விரியும்போது அப்படித்தான் முனகுமாம். அப்புறம் துளைபோடும் கருவியை வைத்துச் சுழற்றினார். வெள்ளைத் தூளாக வந்துகொண்டே இருந்தது, ஒரு இடத்தில் சட்டென்று கறுப்பாகத் தண்ணீர் பொங்கி மேலே வந்தது. நம் ஜல்லிக் கரண்டி மாதிரி ஒன்றால் மிதக்கும் தூளை அள்ளி அள்ளிப் போட்டார்.

எனக்கு முதுகுளத்தூர் ஞாபகம் வந்துவிட்டது. காய்ந்த கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, ஊறும்வரை காத்திருந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு நீ குடம் நிறைப்பாயே, நான் பக்கத்தில் குத்தவைத்து எட்டிப் பார்ப்பேனே, அதே மாதிரிதான் அன்றும் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

நீ அரசலாற்றங்கரையில் பிறந்தவள். தண்ணியில்லாக் காடு என்று ஊரே சொன்ன இடத்துக்கு வாக்கப்பட்டு வந்தாய். அப்பா ரிட்டயர் ஆனதும் மாமா உன்னைக் கும்பகோணத்துக்கே வந்துவிடச் சொன்னார். நீ சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "அங்க கண்மாய் நிறைஞ்சு மறுகால் போனா ஊரே கரையில நிக்கும்ணே. இங்க ஆத்துல தண்ணி வந்தா யாரு எட்டிப் பாக்குறா?"

இங்கே ஏப்ரல் மாதம் அப்படித்தான் இருக்கும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களின் மொழியில் 'ம்னி' என்றால் தண்ணீர், மின்னசோட்டா என்ற பெயரே அதிலிருந்து வந்தது. பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் 11,842. அவற்றில் எது எந்தத் தேதியில் உருகித் திறந்தது என்று குறித்து வைக்கிறார்கள். சில ஏரிகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கணக்கு இருக்கிறது. மார்ச் முடிந்தால் கடையிலும் ஆபீஸிலும் இதே பேச்சுதான். எங்கள் பக்கத்து ஏரிக்கு ப்டே மகா ஸ்கா என்று பெயர். டகோட்டாக்கள் வைத்த அந்தப் பெயரை 2018-ல்தான் மாநிலம் திரும்பச் சூட்டியது. பனிக்கட்டி சாம்பல் நிறமாகி, ஓரம் விட்டு, காற்றில் நகர்ந்து கரையில் கண்ணாடிச் சில்லு போலக் குவியும். அந்தச் சலசலப்பைக் கேட்க ஊரே கரையில் நிற்கும். பத்து டிகிரிதான் இருக்கும், பாதிப்பேர் அரைக்கைச் சட்டையில் இருப்பார்கள். ஆறு மாதமாகத் தொப்பிக்குள் பார்த்த முகங்களையெல்லாம் அன்றுதான் முழுசாகப் பார்ப்பேன். டல்லாஸில் எனக்கு இது கிடைக்காது அம்மா.

இந்தத் தடவை ஜூனில் வராதே. ஜனவரியில் வா, ஏரி உருகும்வரை இரு. உன் ஸ்வெட்டர் எதுவும் இங்கே ஆகாது, கோட்டு நான் வாங்கிவிட்டேன். சறுக்காத பூட்ஸ்தான் பாக்கி. குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை ஒரு நூலால் அளந்து, அதை ஸ்கேலில் வைத்துப் பார்த்து, எத்தனை சென்டிமீட்டர் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பு. இரண்டு காலையும் அள.

அன்புடன்,
உன் மகள்