செல்ஃப் எடுக்காத வண்டியைத் தள்ளச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டிலேயே பைக் பராமரிப்பது பற்றி வந்த குறிப்புகளைப் படித்தேன். அவரவர் வண்டியை அவரவரே பார்த்துக்கொள்ளப் பழகுவது நல்ல விஷயம். மெக்கானிக் கடை வைத்திருக்கும் எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் அதில் ஒரு யோசனை ஆபத்தானது. வேலை முடித்த பிறகு, பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். இதை நம்பிச் செய்தால், சில வண்டிகளில் சின்னச் செலவோடு முடிய வேண்டியது என்ஜினைப் பிரிக்கும் வரை போய்விடும்.

செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்பது ஒரு கோளாறு. செல்ஃபே சுற்றவில்லை என்பது வேறு கோளாறு. முதலாவதில் பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்கலாம். இரண்டாவதில் அவற்றைப் பார்த்துப் பயனில்லை. பெரும்பாலும் ஒன்று, மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குச் சரியாகப் போகவில்லை. அல்லது என்ஜினே உள்ளுக்குள் இறுகி நிற்கிறது. இந்த இரண்டில் எது என்று தெரியும் முன் வண்டியைத் தள்ளவே கூடாது.

சமீபத்தில் கல்லூரி மாணவர் ஒருவர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்பரேட்டரை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்திருந்தார். நேர்த்தியான வேலை, ஜெட்டெல்லாம் பளிச்சென்று இருந்தது. பெட்ரோல் நிரம்பியதும் வழியை அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடில் மட்டும் சரியாக உட்காரவில்லை. பெட்ரோல் டேப்பும் திறந்தே இருந்ததால், ராத்திரி முழுக்கப் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. காலையில் பட்டனை அழுத்தியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கிக்கரும் பாதியில் கல் மாதிரி நின்றுவிட்டது. பிஸ்டன் காற்றை அமுக்கும்; பெட்ரோலையோ தண்ணீரையோ அமுக்க முடியாது. அந்த நிலையில் நாலு பேர் சேர்ந்து தள்ளி கிளட்ச்சை விட்டால், ஓடுகிற வண்டியின் வேகம் அப்படியே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு மேல் இறங்கி அதை வளைத்துவிடும். நல்லவேளை, அந்தத் தம்பி வண்டியை நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தார். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்தேன், பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. ஆயிலும் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. சாவியை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்துப் பெட்ரோலை வெளியேற்றி, நீடிலைச் சரிசெய்து ஆயிலை மாற்றியதும் வண்டி பழையபடி ஓடியது.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வடிந்த பிறகும் இதே கதைதான். தண்ணீரில் மூழ்கிய வண்டியை வீட்டிலேயே கழுவித் துடைத்து, ஆயில்கூட மாற்றியிருப்பார்கள். சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீரை மட்டும் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்த்து ராடு வளைந்து வந்த வண்டிகளை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மழைக்காலம் நெருங்குவதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பார்க்கும் முறை எளிது. சாவி ஆஃப். பிளக்கைக் கழற்றி, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றுங்கள். சீராகச் சுற்றினால் உள்ளே தடை இல்லை. பிளக் இருக்கும்போது நின்று, கழற்றிய பிறகு சுற்றினால் உள்ளே பெட்ரோலோ தண்ணீரோ இருக்கலாம். பிளக் இல்லாமலும் ஒரே இடத்தில் வந்து இடித்து நின்றால் அதற்கு மேல் பலம் கொடுக்கக் கூடாது. சிலிண்டருக்கு மேல் இருக்கும் ஹெட்டைக் கழற்றி மாட்டிய வண்டி என்றால், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் பல் மாறி உட்கார்ந்து வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். அந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்த்திருந்தால் வால்வு வளைந்திருக்கும்.

என்ஜின் நன்றாகச் சுற்றுகிறதா? சரி, அப்புறம் மின்சாரப் பக்கம். பட்டனை அழுத்தும்போது மீட்டரில் இருக்கும் பச்சை நியூட்ரல் லைட்டைக் கவனியுங்கள். ஹெட்லைட்டை நம்ப வேண்டாம், பல வண்டிகளில் என்ஜின் ஓடினால்தான் அது எரியும். நியூட்ரல் லைட் மங்கி, ‘டிக் டிக் டிக்’ என்று கேட்டால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். முழு சார்ஜ் உள்ள பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். பட்டனை அழுத்தும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அதைச் சார்ஜ் செய்து, பிறகு சோதிக்க வேண்டும். வோல்ட் நன்றாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் பேட்டரியின் மைனஸிலிருந்து வந்து என்ஜினில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் எர்த் ஒயரைப் பாருங்கள். லைட் மங்கவே இல்லை, சத்தமும் இல்லை என்றால் பட்டனிலிருந்து ரிலே (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் கருவி) வரையுள்ள ஏதோ ஒரு சுவிட்ச்சிலோ ஒயரிலோ தடை.

இங்கேதான் வீட்டில் செய்த வேலை துப்புக் கொடுக்கும். எங்கே கை வைத்தீர்களோ அங்கே தேடுங்கள். கிளட்ச் கேபிள் மாற்றியவர் லிவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச்சையும் அதன் ஒயரையும் பார்க்கட்டும். பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பல வண்டிகளில் சைடு ஸ்டாண்டிலும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆசிரியை ஒருவர் கணவரோடு சேர்ந்து செயின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றிய வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். நியூட்ரல் லைட் எரியவில்லை. நியூட்ரலில் இல்லை என்று வண்டி நினைத்தாலும் கிளட்ச்சைப் பிடித்தால் செல்ஃப் எடுக்கும் என்பதால், கிளட்ச்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தச் சொன்னேன், செல்ஃப் உடனே எடுத்தது! முன் ஸ்ப்ராக்கெட் பக்கத்தில் நியூட்ரல் சுவிட்ச் ஒயர் கழன்று தொங்கியது. அதே ஒயர் கவருக்கு அடியில் நசுங்கி எர்த் ஆகியிருந்தால் இன்னும் மோசம். கியரில் இருக்கும்போதும் பச்சை லைட் எரியும், பட்டனை அழுத்தினால் வண்டி முன்னால் பாயும்.

ஃப்யூஸ் போனால் செம்புக் கம்பி சுற்றுவதை யாரும் செய்ய வேண்டாம், ஒயரிங் தீப்பிடிக்கும். செல்ஃப் பட்டனை ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்கவும் வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் (கார்பரேட்டருக்குப் பதில் மின் பம்ப் வைத்துப் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டி) பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பெரும்பாலும் பெட்ரோல் பம்ப்பே ஓடாது. எவ்வளவு தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம்.

கடைக்குக் கொண்டுவருகிறவர்கள் வீட்டில் எதைத் தொட்டோம் என்று தயங்காமல் சொல்லுங்கள். மறைத்தால் நீங்கள் தொடாத இடத்திலெல்லாம் நாங்கள் தேடுவோம், கூலி உங்கள் தலையில் விழும். சக மெக்கானிக்குகளுக்கும் ஒரு வேண்டுகோள்: “உன்னை யார் கழற்றச் சொன்னது?” என்று வாடிக்கையாளரைத் திட்டாதீர்கள். திட்டுவதால்தான் அவர்கள் மறைக்கிறார்கள். அதற்குப் பயந்தே வீட்டில் தள்ளிப் பார்த்து, கடைசியில் வளைந்த ராடோடு வருகிறார்கள்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
திருநெல்வேலி.