கடைசி வரியில் கோட்டை விடும் விளம்பரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலத்தில் உங்கள் பக்கங்களில் உள்ளூர்க் கடைகளின் விளம்பரங்கள் பெருகுகின்றன. கால் பக்க விளம்பரம் என்பது சிறு வியாபாரிக்குப் பெரிய செலவு. அந்தச் செலவு வீணாகும் இடம் பெரும்பாலும் கடைசி வரிதான். "மேலும் விவரங்களுக்கு அணுகவும்" என்று போட்டு, கீழே மூன்று செல்பேசி எண்களை அடுக்கிவிடுகிறார்கள். போன் செய்ய வேண்டுமா, நேரில் வர வேண்டுமா, மூன்றில் எந்த எண், எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று எதுவும் தெரியாமல் வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். வாங்கும் எண்ணம் இல்லாததால் அல்ல, அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லாததால்.

ஒரு விளம்பரம் ஒரே ஒரு செயலைக் கேட்க வேண்டும். அதைச் செய்தால் உடனே என்ன நடக்கும் என்பதையும் அதே வரியில் சொல்ல வேண்டும். இலவசக் கண் சிகிச்சை முகாம் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். அதைப் படிப்பவர் பெரும்பாலும் மகனோ மகளோ. முகாமுக்கு வர வேண்டியவர் வீட்டுப் பெரியவர். "அனைவரும் வந்து பயன்பெறுவீர்" என்று முடித்தால் அவர்களுடைய கேள்விகள் அப்படியே நிற்கும். இப்படி எழுதிப் பாருங்கள்: "சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் இந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் இதே எண்ணிலிருந்து அழைத்து, வரவேண்டிய நேரம் சொல்வோம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டுடன் வாருங்கள். கண்ணில் சொட்டு மருந்து விடுவதால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்." இதில் "இதே எண்ணிலிருந்து" என்பது முக்கியம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பலர் எடுப்பதே இல்லை. மிஸ்டு கால் விளம்பரங்கள் பல இந்த ஒரு காரணத்தாலேயே தோற்கின்றன.

குறுஞ்செய்தியில் இடம் இன்னும் நெருக்கடி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம்; தமிழில் எழுதினால் 70 தான். ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் 160 என்பது 70 ஆகிவிடும். 'கி' நமக்கு ஓர் எழுத்து, கணக்கில் இரண்டு இடம். மெய்யின் மேல் வைக்கும் புள்ளிக்கும் தனி இடம் உண்டு. "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே" என்று தொடங்கினால் அதிலேயே 27 இடம் போய்விடும். செல்பேசி எண்ணுக்கு 10. சொல்ல வேண்டிய செய்திக்கு மிஞ்சுவது 33 மட்டுமே. 70-ஐத் தாண்டினால் செய்தி 67 இடம் கொண்ட துண்டுகளாகப் பிரிந்து, கட்டணமும் துண்டுக்குத் துண்டு ஏறும். எனவே செய்ய வேண்டியதை முதலில் எழுதுங்கள், வாழ்த்தை விட்டுவிடலாம். இணைய இணைப்பு சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) உத்தரவுப்படி 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி பெறாத இணைப்புள்ள வணிகக் குறுஞ்செய்திகளைத் தொலைபேசி நிறுவனங்கள் தடுத்துவிடுகின்றன.

க்யூஆர் குறியீட்டை இப்போது எல்லோரும் போடுகிறார்கள். நாளிதழில் அது 2 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. சுற்றிலும், குறியீட்டில் உள்ள சிறு கட்டங்களில் நான்கின் அகலத்துக்கு வெள்ளை இடம் வேண்டும். அழகுக்காக அதை ஒட்டிக் கோடு போட்டால் கேமரா தடுமாறும். தாளின் மடிப்பு விழும் இடமும் ஆகாது. சுவரொட்டியில் என்றால், எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். இரண்டு மீட்டருக்கு 20 சென்டிமீட்டர். அதே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதில் பயன் குறைவு. செய்தியைப் பார்க்கும் போனைக் கொண்டே அந்தத் திரையைப் படம் பிடிக்க முடியாதே! அங்கே தொட்டால் திறக்கும் இணைப்பைக் கொடுக்க வேண்டும். பட்டனில் வரும் சொல்லும் சிறியதாக இருக்கட்டும். "பதிவிறக்கம் செய்யவும்" சிறிய திரையில் இரண்டு வரியாக உடையும், "பதிவிறக்குக" போதும்.

அடுத்தது, வாரக்கணக்கில் தொடரும் "இன்றே கடைசி". இது வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் கெடுப்பதோடு நிற்கவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. முதலில் இருப்பதே பொய்யான அவசரம். இணையத் தளங்களோடு விளம்பரதாரர்களும் விற்பனையாளர்களும் அதற்குள் வருகிறார்கள். உண்மையான கெடு இருந்தால் காரணத்தோடு சொல்லலாம்: "20-ஆம் தேதிக்குள் துணி எடுத்தால் பண்டிகைக்கு முதல் நாள் தைத்துத் தருவோம்; அதற்குப் பிறகு தையல் ஆர்டர் எடுப்பதில்லை." இதைப் படிப்பவர் அவசரப்படுவார், ஏமாந்ததாக நினைக்க மாட்டார். தள்ளுபடியைத் தமிழில் பெரிதாகப் போட்டுவிட்டு நிபந்தனைகளை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போடுவதும் தவறு. வாக்குறுதி எந்த மொழியிலோ அதே மொழியில், அதே எழுத்துருவில் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்று அதே ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

இவ்வளவும் சரியாக எழுதினாலும் போனை எடுக்க ஆள் இல்லை என்றால் பயனில்லை. நாளிதழ் காலை 6 மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறது. கடை திறப்பது ஒன்பதரை. இடையில் வருகிற அழைப்புகள் அத்தனையும் வீண். அந்த ஒரு நாளாவது காலை 6 முதல் போன் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், அவருக்குச் சலுகை விவரம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் "காலை 10 மணிக்கு மேல் அழைக்கவும்" என்று அச்சிட்டுவிடலாம். எந்த விளம்பரம் வேலை செய்தது என்று அறிய, பதிப்புக்கு ஒரு எண் கொடுப்பது நல்லது. இரண்டு வாசகங்களை ஒப்பிடும்போது அந்த வரியை மட்டும் மாற்றுங்கள். கிழமையும் பக்கமும் அளவும் அப்படியே இருக்கட்டும். சம்பளம் வந்த முதல் வாரத்தையும் மாதக் கடைசியையும் ஒப்பிட்டால் விடை தவறாகத்தான் வரும்.

உங்கள் விளம்பரப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். சிறு வியாபாரிகளிடமிருந்து விளம்பரம் வாங்கும் படிவத்தில் "வாசகர் என்ன செய்ய வேண்டும், எந்த எண்ணில், எந்த நேரத்தில்" என்று ஒரு கட்டம் சேருங்கள். க்யூஆர் குறியீடு இருந்தால், அச்சுக்குப் போகும் முன் நாளிதழ்த் தாளில் எடுத்த மாதிரிப் படியில் உங்கள் ஊழியர் ஒருவர் அதைச் செல்பேசியில் திறந்து பார்க்கட்டும். கடைசி நாள் என்று தேதி போடுபவர்களிடம், அந்தத் தேதிக்குப் பிறகு அதே விளம்பரத்தை வாங்குவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
விளம்பர வாசகம் எழுதும் வாசகர்,
ஈரோடு