கயலுக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

வகுப்பில் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தலாமா, தலைமையாசிரியர் தயங்குகிறார் என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் பயன்படுத்து. பிள்ளை கண்டதையும் எழுதியதையும் நம்மைத் தவிர இன்னொருவரும் பார்க்க வேண்டும். நோட்டில் எழுதினால் நாம் திருத்திக் கையெழுத்துப் போடுவதோடு அது முடிந்துவிடுகிறது.

எங்கள் பள்ளி வேலியோரத்து எருக்கஞ்செடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு ஒன்றைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். என்ன புழு டீச்சர் என்று ஒரே கேள்வி. நான் பெயரைச் சொல்லவில்லை. படமெடுத்து, செடி, பூச்சி, பறவைப் படங்களைப் போட்டால் பார்ப்பவர்கள் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் என் கணக்கிலிருந்து ஏற்றினோம். அது 2008-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் படிப்புக்காகச் செய்த வேலையிலிருந்து வளர்ந்தது. இயற்கையைக் கவனிக்கிறவர்கள் உலகம் முழுக்க அதில் இருக்கிறார்கள். யாரோ ஒருவர், முதுகில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது எத்தனை ஜோடி என்று கேட்டிருந்தார். பிள்ளைகள் திரும்ப ஓடிப்போய் எண்ணிவிட்டு வந்தார்கள். மூன்று ஜோடி! அப்படியானால் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு என்று பதில் வந்தது. அதோடு விடவில்லை. பெயர் சரிதான் என்று குறைந்தது இரண்டு பேராவது ஒத்துக்கொண்டால்தான் அந்தப் பதிவு ‘ஆய்வுத் தரம்’, அதாவது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத்தக்கது என்ற அடையாளம், பெறும் என்று சொல்லியிருந்தேன். அந்த இரண்டாவது ஆளுக்காகத் தினமும் காலையில் என்னை வாசலிலேயே மடக்கிக் கேட்டார்கள். ஒருவர் சொன்னால் போதாது, சரிபார்க்க இன்னொருவர் வேண்டும் என்பதை நான் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் இப்படிப் பதிந்திருக்காது.

தமிழ்ப் பாடத்துக்கும் ஒன்று செய்கிறோம். பிள்ளை பாடம் வாசிப்பதைப் பதிவு செய்து, அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அம்மா ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அதைக் கேட்கிறாள். எழுத்துத் தெரியாத பாட்டிகூடக் கேட்கலாம். ரேங்க் கார்டு அவர்களுக்குச் சொல்லாததை அந்தக் குரல் சொல்லிவிடும்.

உன் தலைமையாசிரியர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றுக்கும் 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும். உன் ஏழாம் வகுப்பில் பலருக்கு அது ஆகியிருக்காது. அதனால் எந்தப் பிள்ளையையும் கணக்குத் தொடங்கச் சொல்லாதே. உன் கணக்கு, உன் போன், வகுப்பு நேரம், இவ்வளவுதான். முகமும் பெயரும் எங்கும் வரக் கூடாது. ஐநேச்சுரலிஸ்டில் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைக்க வசதி உண்டு, மறக்காமல் போட்டுவிடு. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இதை அவரிடம் நீயே முதலில் சொல்; தயக்கம் பாதி குறையும்.

சரி, அவர் சம்மதித்ததும் உன் கணக்குப் பெயரை எனக்கு அனுப்பு. உன் பிள்ளைகள் ஏற்றும் முதல் படத்துக்கு நானும் பெயர் சொல்லிப் பார்க்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா