பர்மிஷன் கேட்கும் பெட்டி: ஆம்பூர் நண்பனுக்கு ஒரு கடிதம்

சத்துவாச்சாரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தேன், உன் கம்ப்யூட்டரில் விண்டோஸ் பெட்டி போட்டு அனுமதி கேட்கிற படங்கள். "இது என்னடா, எதைத் தொட்டாலும் பர்மிஷன் கேக்குது" என்று ஒரே வரி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நாளைக்குத் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். நம் ஜெராக்ஸ் கடையில் நிற்க இடம் இருக்காது. அதனால் இன்றைக்கே உட்கார்ந்து மெயிலாக எழுதிவிடுகிறேன். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததிலிருந்து நீ திருப்பத்தூர் மாவட்டத்துக்காரன் ஆகிவிட்டாய். மனு கொடுக்கிற சாக்கில்கூட இந்தப் பக்கம் வருவதில்லை.

மருமகனின் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) யூனிட் கணக்கை நீ பார்த்துக்கொள்கிறாய் என்பதில் எனக்குச் சந்தோஷம். ரிட்டயர் ஆன ஆள் வீட்டில் உட்கார்ந்து டிவி சீரியலுக்கு விமர்சனம் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். தங்கச்சியும் அதையேதான் சொல்லும். இங்கே எல்லாரும் நலம். வீட்டுக்காரிக்கு முட்டி வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. வெயிலைப் பற்றி வேலூர்க்காரன் ஆம்பூர்க்காரனிடம் என்ன சொல்ல?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெட்டி எவ்வளவு தரம் கேட்க வேண்டும் என்று வைக்கும் ஸ்லைடர் விண்டோஸ் செட்டிங்கில் இருக்கிறது, அதை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டால் தொல்லை ஒழிந்தது என்று யூனிட்டில் ஒரு பையன் சொன்னான் என்றாயே, அதைச் செய்யாதே. இறக்கினால் கேள்விதான் நிற்கும், உரிமை கொடுப்பது நிற்காது. நீ அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில், அதாவது கம்ப்யூட்டரில் எதையும் மாற்றும் உரிமை உள்ள லாகினில் இருக்கிறாய். எந்த புரோகிராம் அட்மின் உரிமை கேட்டாலும் விண்டோஸ் உன்னைக் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்துவிடும். அதே கம்ப்யூட்டரில் சாதாரணக் கணக்கில் நுழைந்தவனுக்கோ, கேட்காமலேயே இல்லை என்று சொல்லிவிடும். ஏன் வேலை நடக்கவில்லை என்று அவன் தலையைப் பிய்த்துக்கொள்வான்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்தப் பெட்டியே கிடையாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அநேகமாக எல்லாரும் அட்மினிஸ்ட்ரேட்டர்தான், வைரஸும் அதே அதிகாரத்தோடுதான் ஓடியது. 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது யுஏசி (யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல்) என்று இதைக் கொண்டு வந்தார்கள். எடுத்ததற்கெல்லாம் கேட்டுக் கேட்டு ஊரே திட்டியது. 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோதுதான் நான்கு படி வைத்த இந்த ஸ்லைடர் வந்தது. மேலிருந்து இரண்டாவது படிதான் விண்டோஸே வைத்துத் தருவது. கடையில் நானும் அதிலேயே விட்டிருக்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். அட்மினிஸ்ட்ரேட்டராக லாகின் செய்ததும் விண்டோஸ் உனக்கு இரண்டு டோக்கன் போடுகிறது, உனக்கு என்னென்ன உரிமை என்று சொல்லும் அனுமதிச் சீட்டு மாதிரி. ஒன்று முழு அதிகாரம் உள்ளது, மற்றது அதிகாரத்தைக் கழித்துவிட்ட சாதாரண டோக்கன். நீ திறக்கும் புரோகிராம்கள் எல்லாம் சாதாரண டோக்கனில்தான் ஓடும். நம் தாலுகா ஆபீஸ் அதிகாரிகளைப் பார்த்திருப்பாயே, பச்சை மைப் பேனா சட்டைப் பையிலேயே இருந்தாலும் மளிகைச் சிட்டையை அதில் எழுத மாட்டார்கள். அந்த மாதிரிதான். பெட்டியில் நீ "யெஸ்" கொடுக்கும்போது மட்டும் முழு டோக்கன் வெளியே வருகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமுக்கு நடுவில் அதிகாரத்தை ஏற்றிவிட முடியாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள். புதிதாக ஒன்றை முழு அதிகாரத்தோடு கிளப்பித்தான் வேலை வாங்க வேண்டும். ஃபைல்களைக் காப்பி பண்ணவும் நகர்த்தவும் நீ போட்டிருக்கும் டோட்டல் கமாண்டர் அதைத்தான் செய்கிறது. சுவிட்சர்லாந்துக்காரர் கிஸ்லர் 1993-இலிருந்து எழுதி வரும் மென்பொருள் அது, முதலில் விண்டோஸ் கமாண்டர் என்று பெயர். காப்பி பண்ணும் இடம் உரிமை கேட்டால், "அட்மினிஸ்ட்ரேட்டராகச் செய்யட்டுமா" என்று அது முதலில் தானாக ஒரு பெட்டி போடும். சரி என்றால் கூடவே வரும் ஒரு சின்ன உதவி புரோகிராமைக் கிளப்பும். அப்போது திரை மங்கி விண்டோஸின் பெட்டி வரும். அந்த உதவியாளுக்குத்தான் அதிகாரம் போகிறது. நீ பார்த்துக்கொண்டிருக்கும் இரட்டைப் பலகை ஜன்னல் சாதாரணமாகவே இருக்கிறது. நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வேன்.

"எக்ஸ்ப்ளோரர்ல கன்டினியூ அமுக்கினா போயிடுது, இதுல மட்டும் ரெண்டு தரம் கேக்குது" என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. எக்ஸ்ப்ளோரர் விண்டோஸோடு கூடவே வரும் ஃபைல் ஜன்னல். ஸ்லைடர் அந்த இரண்டாவது படியில் இருக்கும்போது, விண்டோஸின் சொந்த உறுப்புகள் சிலவற்றுக்கு மட்டும் விண்டோஸ் கேட்காமல் அதிகாரம் கொடுத்துவிடும். எக்ஸ்ப்ளோரரின் காப்பி வேலை அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. வெளியார் எழுதிய மென்பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயம், வந்தவனுக்கு ஒரு நியாயம். எனக்கும் இது பிடிக்கவில்லைதான், ஆனால் டோட்டல் கமாண்டர் மேல் குற்றமில்லை.

இப்போது நீ கேட்காத கேள்விக்கு வருகிறேன். அந்த ஃபைல்களை ஏன் நீ அங்கே கொண்டு போய் வைக்கிறாய்? உன் படத்தில் பார்த்தேன், யூனிட்டின் சம்பளப் பட்டியலும் கட்டிங் கணக்கும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. விண்டோஸ் ஃபோல்டர், புரோகிராம் ஃபைல்ஸ், அடுத்தவர் கணக்கின் ஃபோல்டர், இங்கெல்லாம் எழுதப் போனால் கேட்கத்தான் செய்யும். சி டிரைவின் முகப்பு ஒரு வேடிக்கை: அங்கே ஃபோல்டர் உண்டாக்கச் சாதாரண உரிமையே போதும், ஃபைலை நேராகப் போடத்தான் விடாது. டாக்குமென்ட்ஸிலோ டி டிரைவிலோ நீ பாட்டுக்கு எழுதலாம், யாரும் கேட்கப்போவதில்லை. யூனிட்டின் கணக்கு ஃபைல்களை டி டிரைவுக்கு மாற்று. உனக்கு வரும் பெட்டிகளில் முக்கால்வாசி அன்றைக்கே நின்றுவிடும்.

இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்குக் குடியாத்தம் லுங்கிக் கடைக்காரர் ஒருவர் கதையைச் சொல்கிறேன். பழைய பில் போடும் மென்பொருள், யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்தது. அதன் டேட்டா புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு லாகின், மகனுக்கு ஒரு லாகின். ஒரே கம்ப்யூட்டர், ஒரே மென்பொருள். ஆனால் அப்பா திறந்தால் ஒரு பாக்கி, மகன் திறந்தால் வேறு பாக்கி. இருவருக்கும் நடுவில் மனஸ்தாபமே வந்துவிட்டது, மச்சான். பிறகு யாரோ சொன்னார்கள் என்று மகன் ரைட் கிளிக் செய்து "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறந்திருக்கிறான். பல மாதப் பில்கள் மொத்தமும் காணோம். சிபியூவை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் கடைக்கு வந்தார்கள்.

எதுவும் அழியவில்லை. யுஏசி வருவதற்கு முன்னால் எழுதிய 32 பிட் மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், விண்டோஸ் தடுத்து நிறுத்தாமல் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். யூசர்ஸ், அதற்குள் உன் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்று ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு லாகினுக்கும் அது தனித்தனி. அப்பா எழுதியது அப்பாவின் விர்ச்சுவல்ஸ்டோரில், மகன் எழுதியது மகனுடையதில். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் இந்தத் திருப்பிவிடுதல் நடக்காது. அதனால் மென்பொருள் போட்ட அன்றைக்கு இருந்த பழைய டேட்டாதான் கண்ணில் படும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மறைந்ததைக் காட்டச் சொல்லித் திறந்ததும் இரண்டு டேட்டாவும் இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்துப் பேசினார்கள். இரண்டையும் ஒன்றாக்கியதில் பாதி, பில் புத்தகத்தைப் பார்த்துக் கையாலேயே ஏற்ற வேண்டியிருந்தது. இப்போது டேட்டா டி டிரைவில் இருக்கிறது.

இன்னொன்று, டோட்டல் கமாண்டரையே எப்போதும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும்படி வைத்துவிடலாமா என்று உனக்குத் தோன்றினால் அதையும் விட்டுவிடு. அதற்குள்ளிருந்து நீ டபுள் கிளிக் செய்து ஓட்டும் ஒவ்வொரு புரோகிராமும் அந்த அதிகாரத்தோடே பிறக்கும். யாரோ மெயிலில் அனுப்பியது உட்பட. அதைவிட உடனடித் தொல்லை ஒன்று உண்டு. யூனிட்டில் இசட் டிரைவ் என்று நெட்வொர்க்கில் இணைத்து வைத்திருக்கிறீர்களே, அது அந்த ஜன்னலில் தெரியாமல் போகும். நீ இணைத்தது சாதாரண டோக்கனில், அட்மின் டோக்கன் அதைப் பார்ப்பதில்லை. எக்ஸ்ப்ளோரரிலிருந்து ஒரு ஃபைலை இழுத்து வந்து அதன் மேல் போட்டாலும் விழாது. தாழ்ந்த அதிகாரம் உள்ள ஜன்னல் உயர்ந்ததற்குள் எதையும் போட விண்டோஸ் விடுவதில்லை. ஃபைல்கள் காணோம் என்று ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் பண்ணுவாய்.

பெட்டி வரும்போது திரை ஏன் மங்குகிறது என்று கேட்டாய். அது பயமுறுத்த இல்லை. அந்தப் பெட்டி வேறொரு தனித் திரையில் வருகிறது. மற்ற புரோகிராம்கள் தாமாகவே "யெஸ்" மேல் கிளிக் செய்துவிடாதபடி ஒரு தடுப்பு. நிதானமாக அதில் இரண்டு வரி படி. புரோகிராமின் பெயர், வெளியிட்டவர் பெயர். கையெழுத்துச் சரிபார்க்கப்பட்டதென்றால் நீலப் பட்டை, வெளியிட்டவர் தெரியாது என்றால் மஞ்சள். நீ ஃபைலை நகர்த்தச் சொன்ன அந்த விநாடியில் கிஸ்லர் பெயரோடு வந்தால் யெஸ் கொடு. நீ ஒன்றுமே செய்யாமல் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வந்தால் எந்த நிறமானாலும் நோ.

கடைக்கு மனு டைப் அடிக்க வருகிறவர்களின் பென் டிரைவில் அடிக்கடி பார்ப்பேன். "போட்டோஸ்" என்று ஒரு ஃபோல்டர் படம், ஆனால் பெயரின் பின்னால் எக்ஸ்இ, அதாவது அது ஒரு புரோகிராம். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதன் வேஷத்தில் வைரஸ் உட்கார்ந்திருக்கும். ஃபோல்டரைத் திறக்க யாராவது அட்மின் உரிமை கேட்பார்களா? கடைப் பையன்களுக்குச் சாதாரணக் கணக்குதான் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்கு யெஸ், நோ வராது, அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். அது என்னிடம் மட்டும் இருக்கிறது. "அண்ணா, கேக்குது" என்று குரல் வந்தால் எழுந்து போய்ப் பார்ப்பேன். ஆனால் ஒன்று, பெட்டி வரவில்லை என்றால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதே. உன் டாக்குமென்ட்ஸை அழிக்கவோ பூட்டிவிட்டுப் பணம் கேட்கவோ அட்மின் உரிமையே தேவையில்லை, உன் உரிமையே போதும். அதற்கு மருந்து தனியாக எடுத்து வைத்த பேக்கப் ஒன்றுதான்.

அப்புறம் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் புதியதில் நீ இணைத்திருக்கும் அந்த ஹார்ட் டிஸ்க். பெயரும் அதே, பாஸ்வேர்டும் அதே, இருந்தும் உரிமை இல்லை என்கிறதே என்று கோபப்பட்டிருக்கிறாய். விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் அதனிடம் நீளமான ஓர் எண் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் உனக்கு இருந்த எண் வேறு, புதியதில் வேறு. டிஸ்க்கில் உள்ள ஃபைல்களின் மேல் எழுதியிருப்பது பழைய எண். "கன்டினியூ" அமுக்கினால் உன் புதிய எண்ணை அந்த ஃபோல்டரிலும் அதற்குள் இருக்கும் அத்தனையிலும் நிரந்தரமாக எழுதும். அதனால்தான் ஜன்னலின் மேலே வரும் அந்தப் பச்சைக் கோடு நகராமல் நிற்கிற மாதிரி இருக்கிறது. நடுவில் பிடுங்கிவிடாதே. உன் ஃபோல்டருக்கு மட்டும் கொடு. அந்த டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டரையெல்லாம் உன் பெயருக்கு மாற்றுகிறேன் என்று கிளம்பாதே, அதில் உனக்கு வேண்டியது ஒன்றுமில்லை.

நீ அனுப்பிய கடைசிப் படத்தில் "டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்" திறக்காமல் மல்லுக்கட்டுகிறாய். அது ஃபோல்டரே இல்லை. விஸ்டாவுக்குப் பிறகு பழைய மென்பொருள்களுக்காக வைத்த ஒரு கைகாட்டி, யூசர்ஸ் ஃபோல்டரைச் சுட்டும். யாரும் அதற்குள் பட்டியல் பார்க்கக் கூடாது என்று வேண்டுமென்றே பூட்டியிருக்கிறார்கள். இன்னொன்று கேள்: அது சுட்டுவது சி டிரைவின் யூசர்ஸை. பூட்டை உடைத்துத் திறந்தாலும் பழைய டிஸ்க்கில் உள்ளது வராது, உன் புதுக் கம்ப்யூட்டரின் ஃபைல்தான் தெரியும். அதை விட்டுவிட்டு அந்த டிஸ்க்கின் யூசர்ஸுக்குள் நேராகப் போ. மகள் கல்யாண போட்டோக்கள் அங்கேதான் இருக்கும்.

அப்படியும் திறக்கவில்லை என்றால் டிஸ்க்கையே இங்கே எடுத்து வா. பெரிய டிஸ்க் என்றாயே, அதன் கேஸுக்குத் தனி பவர் அடாப்டர் உண்டு, மறக்காமல் அதையும் எடுத்துக்கொள். பஸ்ஸில் மேலே ரேக்கில் வைக்காதே, மடியில் வைத்துக்கொள். திங்கள் மட்டும் வேண்டாம், மற்ற எந்த நாளும் சாயங்காலம் கடையில் இருப்பேன். சாப்பாட்டுக்குப் பிரியாணி கட்டிக்கொண்டு வந்தால் கத்திரிக்காயைத் தனியாகக் கட்டச் சொல். போன தடவை பாதி வழியிலேயே எண்ணெய் பையெல்லாம் ஆகிவிட்டது.

இப்படிக்கு,
உன் பழைய நண்பன்