அடிக்காட்டை வெட்டாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் பொறுப்பில் இருக்கும் காட்டில் பெரிய மரங்களை மட்டும் விட்டுவிட்டு, அடியில் உள்ள புதர், கொடி, சருகெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து வேண்டாம்.

உயர்ந்த மரங்கள் இருந்தால் காடு நிலைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது மட்டும் போதாது. 1961இல் சூழலியல் ஆய்வாளர் ராபர்ட் மெக்ஆர்தர், அவருடைய சகோதரர் ஜான் மெக்ஆர்தர் இருவரும் அமெரிக்கக் காடுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தரையிலிருந்து 2 அடி வரை, 2 முதல் 25 அடி வரை, அதற்கு மேல் என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இலை எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். எத்தனை வகை மரங்கள் என்பதைவிட, இலைகள் எந்தெந்த உயரத்தில் பரவியிருக்கின்றன என்பதை வைத்தே அங்குள்ள பறவைகளின் பன்மையைக் கணிக்க முடிந்தது. நீ வெட்ட நினைப்பது அந்த மூன்றில் இரண்டை!

அடிக்காட்டை நிர்ணயிப்பது வெளிச்சம். அடர்ந்த மழைக்காட்டில் உச்சியில் விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வரும். இலை இடுக்கில் சில நொடிகள் வந்துபோகும் வெயில் பொட்டுகளை வைத்தே கீழே உள்ள செடிகள் பிழைக்கின்றன. பெருமரங்களின் கன்றுகளும் அந்த நிழலில்தான், முழங்கால் உயரத்தில், வருடக்கணக்காகக் காத்திருக்கின்றன. மேலே ஒரு மரம் சாய்ந்து வானம் திறந்ததும் அவை விறுவிறுவென்று எழும். புதர் என்று அவற்றையும் வெட்டிவிட்டால், இப்போதிருக்கும் மரங்கள் விழும்போது அந்த இடத்தை எது நிரப்பும்?

அடுக்குகள் தனித்தனியாகவும் இல்லை. பறவை எச்சத்தில் வந்த அத்தி விதை உயரத்துக் கிளையில் முளைத்து, வேரைத் தரைக்கு இறக்குகிறது. கிளைகளில் பாசியும் சருகும் சேர்ந்து மண்ணாகிவிட, மரமே தன் கிளையிலிருந்து அந்த மண்ணுக்குள் வேர் விடுவதை, மரங்களின் உச்சியை ஆராயும் நளினி நட்கர்னி 1981இல் எழுதினார். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சருகையும் தொடாதே. பூஞ்சையும் கரையானும் அதை மக்கச் செய்துதான் மரத்துக்கான சத்து மண்ணுக்குத் திரும்புகிறது. விழுந்த மரமும் அங்கேயே கிடக்கட்டும்.

ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்கிறேன். வெளியிலிருந்து வந்து எல்லாவற்றையும் மூடிவிடும் உண்ணிச்செடி போன்றவை இருந்தால் அகற்று. ஆனால் செடிகளை அடையாளம் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, கையால், கொஞ்சம் கொஞ்சமாக.

அடியில் என்னென்ன கன்றுகள் நிற்கின்றன என்று பார்த்து எழுது. பெயர் தெரியாதவற்றின் இலையைக் காயவைத்துக் கடிதத்தோடு அனுப்பு, இருவருமாகக் கண்டுபிடிக்கலாம். அப்புறம், கால் முழுசாகச் சரியாகும்வரை சரிவுப் பக்கம் தனியாகப் போகாதே.

அன்புடன்,
உன் நண்பன்